மூன்றே கால் ஜிபிக்கு மேல்

1

இந்தக் கதையில் பாதி என்னுடையதில்லை. என் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்தவர் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே சொன்னது. முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "அதெல்லாம் எனக்கு எப்படிங்க தெரியும்? வேலைய முடிச்சேன், வந்துட்டேன்" என்கிறார். அந்த மிச்சப் பாதிதான் ரொம்ப நாளாக என் உயிரை வாங்குகிறது.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் சில:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பார்வையற்ற ஒருவரின் விரல்கள்

(மழை பெய்யவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதபோதெல்லாம் என் கதைகளில் மழை பெய்துவிடுகிறது.)

மனிதனின் நினைவுக்கும் கணினியின் நினைவகத்துக்கும் உள்ள

(இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.)

சாதாரணமாகவே சொல்லிவிடுகிறேன்.

2

ஒரு கணவனும் மனைவியும் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து பிரெயில் அச்சகம் நடத்தினார்கள். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும், தடித்த தாளில் புள்ளிகளைக் குத்தி எழுப்பும் மெஷினும் இருந்தன. மெஷின் ஓடினால் சுவரில் ஆணி அடிப்பதுபோல் சத்தம் வரும். கீழ்வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தார்கள்.

பின்னறையில் கணவர் உட்கார்ந்திருப்பார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மாதிரித் தாளை விரலால் தடவிப் படித்துப் பிழை பிடிப்பது, அதாவது மெய்ப்புப் பார்ப்பது, அவர் வேலை. அதனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் 'மெய்ப்பர்'. புத்தகத்தை ஸ்கேன் செய்வது, அதை எழுத்தாக மாற்றுவது, எழுத்தைப் புள்ளியாக மாற்றுவது, தாள் மாட்டுவது, தைப்பது, போன் எடுப்பது எல்லாம் மனைவி. அவளுக்குப் பட்டப்பெயர் கிடையாது. (இரண்டு மூன்று வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எல்லா வேலையும் செய்கிறவளுக்கு எந்த வேலையின் பெயரை வைப்பது?)

கம்ப்யூட்டர் பழையது. அதை ஓட்டுகிற மென்பொருளான சிஸ்டம் அதைவிடப் பழையது. மாற்ற வழியில்லை. புள்ளி மெஷினைச் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். புது சிஸ்டம் போட்டால் அந்த மெஷின் அசையாது.

அந்த நேரத்தில்தான் சட்டம் படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கும் பார்வை கிடையாது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "இது கையில வந்தாதான் எழுதுவேன். யாராவது படிச்சுக் காட்டி, அதக் கேட்டு எழுதி, ரெண்டு தடவ கோட்டை விட்டாச்சு" என்றாள்.

புத்தகத்தைப் புள்ளியாக்கும் புரோகிராம் எல்லாப் பக்கங்களையும் ஒரே வாயில் விழுங்கப் பார்த்தது. பாதியில் விக்கி நின்றது. மெமரி போதவில்லை என்று ஒரு பெட்டி திரையில் வந்தது.

3

பழுதுபார்ப்பவர் வந்து எட்டு ஜிபி மாட்டினார். திரை மூன்றே கால் என்றது.

"எட்டு போட்டீங்களே?" என்றாள் அவள்.

"போட்டேம்மா. சிஸ்டம் ஒத்துக்கல. மெமரில ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதவு நம்பர் மாதிரி உண்டு. இந்தப் பழைய சிஸ்டத்துக்கு நாலு ஜிபி வரைக்கும்தான் நம்பர் போட வரும். அதுலயும் கொஞ்சத்த உள்ள இருக்கற மத்த சாமான்கள் பிடிச்சுக்கும். மிச்சம் இருக்கே, அது இதோட கண்ணுக்கே தெரியாது."

சொன்ன பிறகுதான் வாசலில் மெய்ப்பர் நிற்பதைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல, அத என்கிட்ட குடுங்க" என்றார் மெய்ப்பர். "தடவிப் பாத்து எவ்வளவு இருக்குன்னு சொல்லிடறேன்."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள்.

"மூணே கால் வச்சு இந்தப் புஸ்தகம் ஓடிடுமா?"

"ஓடாதும்மா. எவ்வளவு இருந்தாலும் ஒரு புரோகிராமுக்கு ரெண்டு ஜிபிதான் பங்கு. முன்னாடி நின்ன இடத்துலயேதான் நிக்கும்."

அங்கேயேதான் நின்றது.

(அவர் சொன்னது இதுவரைதான். இனிமேல் வருவதற்கு நானே பொறுப்பு. எனக்கும் இங்கே நின்றுவிடத்தான் ஆசை.)

4

அவள் புத்தகத்தைத் துண்டு துண்டாக வெட்டினாள். துண்டு சின்னதாக இருந்தால் புரோகிராம் முனகிக்கொண்டே விழுங்கியது. ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கியது. முன்னால் இருந்த பொருளடக்கத்துக்கும் உள்ளே இருந்த பக்கங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது.

"பக்க எண்ண எல்லாம் தொடர்ச்சியா மாத்திடு" என்றார் மெய்ப்பர்.

"கையாலதான் மாத்தணும். ஒவ்வொரு பக்கமா."

"கண்ணு இருக்கறவங்க சரசரன்னு புரட்டித் தேடிடுவாங்க. அவ எப்படித் தேடுவா?"

"எனக்குத் தெரியாதா அது?"

"தெரிஞ்சா செய்யேன்."

"ஏங்க, எனக்கு இருக்கறதும் ரெண்டு கைதான்."

"அப்படி என்ன வேலை உனக்கு? நான் பாத்துக் குடுக்கறத அச்சடிக்கறதுதானே?"

அவள் தாள் கட்டைப் பிரிக்கப் போனாள்.

(முந்தைய பிரதியில் இங்கே அவள் வெடித்துவிடுவாள்: "நீங்க பாத்துக் குடுக்கறத மறுபடியும் நான்தான் உக்காந்து" அத்தோடு அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் ஒரு பக்க எண்ணுக்காகவா சொல்லுவாள்?)

சொல்லாத விஷயம் இது. சர்க்கரை வியாதியில் மெய்ப்பரின் விரல் நுனிகள் மரத்துக்கொண்டிருந்தன. ஒருநாள் ஒரு வரியே விடுபட்டிருந்த தாளை அவர் சரியென்று தந்தபோது அவளுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து, அவர் பார்த்து முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் அவள் திரையில் ஒருமுறை படித்துத் திருத்திவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தாள். அவர் பிழையே இல்லை என்று சொல்லும் பக்கங்களில்தான் அவளுக்கு வேலை அதிகம். கழுத்து இறுகிப்போய், தலையைத் திருப்ப முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

5

மெய்ப்பர்மேல்தான் எனக்குச் சந்தேகம். விரலை நம்பியே வாழ்ந்தவருக்கு விரல் போவது தெரியாமலா இருக்கும்? தெரியாது என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அவர் நான் எழுதியதற்குள் அடங்க மாட்டேன் என்கிறார். பின்னறையில் தாளை மூடி வைத்துவிட்டு, வெறும் மேசையைத் தடவிக்கொண்டிருக்கிறார். அதை எந்தப் பிரதியிலும் நான் எழுதவில்லை.

6

பக்க எண்கள் பாதி சரியாகியிருந்தபோது சட்டக்காரப் பெண்ணே வந்துவிட்டாள். முடிந்தவரை கொடுங்கள், போதும் என்றாள். மெய்ப்பருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு தொகுதியைத் திறந்தாள். அவள் விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்து மனைவி தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு காலத்தில் மெய்ப்பரின் விரல்களும் அப்படித்தான் ஓடின.

விரல்கள் ஓரிடத்தில் நின்றன. பின்னால் போய் மறுபடி வந்தன.

"அங்கிள், இங்க பிரிவு அறுபத்தெட்டுன்னு இருக்கு. கிளாஸ்ல அறுபத்து மூணுன்னு கேட்ட ஞாபகம்."

மனைவி எழுந்து அசல் புத்தகத்தைப் பார்த்தாள். மூன்றுதான். ஸ்கேன் செய்தபோது எட்டாகியிருந்தது. அவர் விட்டிருந்தார். அவளும் விட்டிருந்தாள், எந்த நாளின் களைப்பில் என்று அவளுக்கே நினைவில்லை.

"அது சிஸ்டம் பண்ற தப்பும்மா" என்றாள் அவசரமாக. "பழசு. மெமரி பத்தல, அதான்."

மெய்ப்பர் தலையை நிமிர்த்தினார். மெமரி பத்தாவிட்டால் புரோகிராம் நின்றுபோகும், மூன்றை எட்டாக்காது. அந்தக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதோடு குப்பை கொட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆமாம்மா" என்றார். "மெமரி பத்தல. திருத்திக் குடுத்துடறோம்."

7

அந்தப் பெண் படியிறங்கிப் போனாள். மெய்ப்பர் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, மனைவி இருக்கும் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எவ்வளவு நாளா நீயும் படிச்சிட்டு இருக்க?"

முதல் முடிவு: அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள், இருவரும் அழுகிறார்கள். (எழுதிப் பார்த்தேன். அழுத மறுநாளும் அந்தப் புத்தகம் முடிய வேண்டும்.)

இரண்டாவது: அவள் காதில் விழாததுபோல் மெஷினை ஓட விடுகிறாள். அந்தச் சத்தத்தில் எதையும் கேட்காமல் இருக்கலாம். (பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அவர் மறுபடி கேட்கும் ரகம்.)

மூன்றாவது: அவர் இனி பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட

இல்லை. முடியவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. அவளுக்கு என்னைவிட அலுப்பு, ஆனாலும் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டாள். விரித்து வைத்த அந்தக் கைகளைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவருக்காக நீங்கள் சத்தமில்லாமல் எதையாவது திருத்திக்கொண்டிருப்பீர்கள். அவள் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். கத்த வேண்டாம். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.