அசையாமல் படுத்திருந்தான்

ஒரு வாரமாக அம்மாவுக்கு ஒரே பாட்டு. "உன் அண்ணன் மூளையைப் படம் எடுத்துப் பாருடி. ஏதோ கோளாறு இருக்கு. இல்லேன்னா அவன் அப்படிச் செய்வானா?"

மனிதனுக்குள் வன்முறை எப்படிக் கிளம்புகிறது என்று ஆராயும் கூடத்தில் ஸ்கேன் எந்திரத்தை இயக்குவது என் வேலை. அதை வீட்டில் விளக்கிச் சொன்னதுதான் வினை. அண்ணன் அடித்ததில் அண்ணி பெட்டியோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். "கோபம் வந்தா என்னையும் அறியாம கை எழுந்துடுது," என்று இவன் மூக்கைச் சிந்துகிறான். "வியாதின்னா மருந்து இருக்கும். அப்படின்னா திரும்பி வர்றேன்," என்று அண்ணியும் சொல்லிவிட்டார். போதாதா அம்மாவுக்கு?

ஒரு படத்தை வைத்து அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று தொண்டை வற்றக் கத்தினேன். யார் கேட்டார்கள்? கடைசியில் பேராசிரியரிடம் கெஞ்சி, ஆய்வுக்கு வரும் ஆட்களோடு அண்ணனையும் சேர்த்தேன்.

எந்திரத்துக்குள் படுத்தவரிடம் கணக்குகள் கேட்போம். விடை சரியாக இருந்தாலும் காதில் ஒரு குரல் திட்டும். கோபமூட்டுவதுதான் நோக்கம். ஆனால் தலை கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அந்த அசைவைக் காட்டும் கோடு ஒன்று என் திரையில் ஓடும். பரம சாதுக்கள்கூட அங்கே நெளிவார்கள்.

"அண்ணா, அசையக் கூடாது," என்றேன் மைக்கில்.

"சரிம்மா."

"இதுகூடத் தெரியலையா? உன்னையெல்லாம் யார் உள்ளே விட்டது?" என்று குரல் திட்டியது. அவன் நாடித்துடிப்பு எகிறியது. கோடு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று. வெளியே வந்து பேராசிரியருக்கு ஒரு கும்பிடு வேறு.

"இவ்வளவு சுத்தமான படம் இந்த வருஷம் கிடைக்கல," என்றார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடி வந்துச்சு?"

"படத்துல ஒண்ணும் இல்லம்மா. அவ்வளவு கோபத்துலயும் அசையாம கிடந்தான் உன் புள்ள. அசையாதேன்னு ஒரு தடவைதான் சொன்னேன்."

அம்மா யோசித்தாள். "அப்ப அவளுக்கு ஒண்ணு எடுத்துப் பாரேன்."

தலையில் அடித்துக்கொண்டு மாடிக்குப் போய் அண்ணிக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "ஏதோ ஒரு ஆசைல அப்படிச் சொல்லிட்டேன். அடிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஜன்னலைச் சாத்திட்டுத்தான் வருவாரு."

பிறகு, மிச்சத் துணிகளை நானே கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டார்.