மூடி வைத்த பாதி

ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடும்பம் நடத்துவது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால், இந்த நர்சையும் அவள் புருஷனையும் கேட்கலாம். அவர் பஸ் டிரைவர். விடிவதற்கு முன்பே முதல் வண்டியை எடுக்கப் போய்விடுவார். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. அவள் கண் எரிய வீடு திரும்பும்போது அவர் ஏதோ ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருப்பார். சாயங்காலம் அவர் மாடிப்படி ஏற, அவள் இறங்க, நடுவில் சாவி கைமாறும். காலையில் அது பக்கத்து வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கும்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. உங்களுக்கு மூடி வச்சிருக்கேன்."

அவ்வளவுதான் தாம்பத்தியம். மத்தியானம் அவள் சமைத்துப் பாதியை அவருக்கு மூடி வைப்பாள். ராத்திரி அவர் சமைத்துப் பாதியை அவளுக்கு மூடி வைப்பார். தட்டின் மேல் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் தண்ணீர் டம்ளரையும் வைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பூனை வெறும் தட்டைத் தள்ளிவிடும், டம்ளர் இருந்தால் யோசிக்கும்.

மகள் சின்னவளாக இருந்தபோது செய்துகொண்ட ஏற்பாடு இது. குழந்தையோடு யாராவது ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? விடியற்காலை இடைவெளிக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் துணை. இப்போது மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். காரணம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஏற்பாடு மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் பெரிய நர்ஸ் அவளைக் கூப்பிட்டுப் பகல் டியூட்டியில் ஒரு இடம் காலியாகிறது, வருகிறாயா என்று கேட்டார். வருகிறேன் என்று வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிவிட்டு, யோசித்துச் சொல்வதாகத் தவணை வாங்கிக்கொண்டாள். யோசிக்க ஒன்றும் இல்லை. புருஷன் கூப்பிட வேண்டும் என்று ஆசை. நீ வீட்டுக்கு வா என்று அந்த மனுஷன் தானாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்கிற வார்த்தையில் என்ன ருசி இருக்கிறது?

ஆசைப்பட்டதுதான் பட்டாள், ஆள் பார்த்து ஆசைப்பட்டிருக்கலாம். டிப்போவில் அவருக்கு பிரேக் என்று பட்டப்பெயர். ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தைக்கு வண்டி நகராது.

தவணை நாளையோடு முடிகிறது. இந்த நேரத்தில்தான் மகள் போன் செய்தாள். "நம்ம தெருமுனையில புதுசா இத்தாலிய ஹோட்டல் திறந்திருக்காங்களாமே? உங்க ரெண்டு பேருக்கும் டேபிள் சொல்லி வச்சாச்சு. சாக்கு சொல்லாம போங்கம்மா." அவள் டியூட்டியைத் தோழியோடு மாற்றிக்கொண்டு, பச்சைப் புடவையைத் தேடி எடுத்தாள். அவர் காலையில் செய்த சவரத்தைச் சாயங்காலம் மறுபடியும் செய்தார்.

போன மாதம் வரை மெத்தைக் கடையாக இருந்த இடம் அது. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. சுவர் முழுக்க நீலக் கடல், மேஜைகளில் சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பு. புதுக் கடையல்லவா, முதலாளி மேஜை மேஜையாகப் போய், பிடித்திருக்கிறதா என்று பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவளுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த மனுஷனுக்குக் காதோரம் எப்போது இவ்வளவு நரைத்தது? படிக்கட்டு வெளிச்சத்தில் தெரியவே இல்லையே. கை நீட்டித் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. தொடவில்லை. பக்கத்து மேஜையில் ஆள் இருந்தது.

சாப்பாட்டின் பெயர்கள் வாயில் நுழையாததால் முதலாளியே அவருக்குக் காளான் போட்ட பாஸ்தாவும் அவளுக்குத் தக்காளி பாஸ்தாவும் கொண்டுவந்து வைத்தார். அவர் நூடுல்ஸ் மாதிரி நீண்டிருந்ததை முள்கரண்டியில் சுற்றப் பார்த்தார். அது சுற்றச் சுற்ற நழுவியது.

"பகல் டியூட்டிக்குக் கூப்பிடறாங்க," என்றாள். "நாளைக்குப் பதில் சொல்லணும்."

முள்கரண்டி நின்றது. அவள் காத்திருந்தாள்.

"உனக்கு எது வசதியோ, அப்படிச் செய்," என்றார்.

பிரேக். வசதியாம், வசதி! சரி, நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று தட்டைப் பார்த்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"ஐயையோ, என்ன சார்?" என்ற குரல் கேட்டுத்தான் தலையைத் தூக்கினாள். முதலாளி முகம் வெளுத்து நின்றார். "ஏதாவது விழுந்துடுச்சா? மூடி வச்சிருக்கீங்களே?"

புருஷனுடைய தட்டின் மேல், ரொட்டி வந்த சின்னத் தட்டு கவிழ்ந்திருந்தது. அதன் மேல் தண்ணீர் டம்ளர்.

அவரே அதை யாரோ செய்துவிட்டுப் போன மாதிரி பார்த்தார்.

"மேடமும் பாதியை அப்படியே ஒதுக்கிட்டீங்க. நல்லா இல்லைன்னா சொல்லிடுங்க, வேற செஞ்சு தரேன்."

அவள் தன் தட்டைப் பார்த்தாள். கோடு கிழித்தது போலப் பாதி தீர்ந்திருந்தது, பாதி ஓரமாகக் கூட்டி வைக்கப்பட்டிருந்தது. அவளுடைய இடது கை மூடுவதற்கு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "இது அவளுக்கு எடுத்து வச்சது."

"மேடம் இங்கதானே சார் இருக்காங்க?"

முதலாளி வேறு மேஜை ஞாபகம் வந்தவராக நகர்ந்தார்.

"டம்ளர் எதுக்குங்க?" என்று கேட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"பூனை," என்றார்.

பிறகு டம்ளரை எடுத்தார். மேல் தட்டை எடுத்தார். தட்டை அவள் பக்கம் தள்ளினார். அவளும் தன்னுடையதை அவர் பக்கம் தள்ளினாள். அவர் எடுத்து வைத்த பாதியை இத்தனை வருஷமும் அவள் ஆறின பிறகுதான் சாப்பிட்டிருக்கிறாள், அடுப்படியில் நின்றுகொண்டு, தனியாக. இதில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"சூடா இருக்கா?"

"இருக்கு."

அவர் விரிப்பின் சிவப்புக் கட்டம் ஒன்றை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "வந்துடு," என்றார்.

"எங்க?"

"பகல் டியூட்டிக்கு. உன் உடம்புக்கு நல்லதுன்னு சொல்லிக் கூப்பிடலாம்னு பார்த்தேன். அது பொய். எனக்குத்தான் முடியல. கதவைத் திறந்து உள்ள போனா நீ இல்ல. தினம் இல்ல."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அதான் கேட்டுச்சுல்ல."

"கேட்டுச்சு. இருந்தாலும் சொல்லுங்க."

சொன்னார். முதலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னார்.