அறுபது தாண்டியவர்களுக்கான கழிவு

அந்தச் சின்ன வெள்ளை மாருதிக்குள் ஏறி உட்கார்ந்தால் தேவகுமாரி வாய் மூடமாட்டாள். "இடப்பக்கம் சைக்கிள் ஒண்டு வருது. ஆடு நிக்குது, பாத்து. ஒழுங்கையாலை ஓட்டோ வருது, விடுங்கோ, அது போகட்டும். ஆ, இப்ப எடுங்கோ." பின் ஆசனத்தில் யாராவது கூட வந்தால் சிரிப்பார்கள். அன்ரிதான் கார் ஓட்டுகிறா, அங்கிள் சும்மா ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பார்கள். அவளுடைய கணவர் நோர்மனும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார்.

அது பகிடி இல்லை என்பது அந்த இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒருநாள், மல்லாகத்துக்குக் கிட்ட ஒரு சந்தியில் காரை நிறுத்திவிட்டு, "இஞ்சரும், இடப்பக்கம் ஏதும் வருதோ?" என்று அவர் கேட்டார். கலியாணம் முடித்து நாற்பத்திநாலு வருடத்தில் அப்படி ஒருதரம்கூடக் கேட்டதில்லை. அவள் எட்டிப் பார்த்து, இல்லை என்றாள். அடுத்த சந்தியிலும் கேட்டார். ஒரு மாதம் போனதும் கேட்பதை விட்டுவிட்டார். அதற்குள் அவள் தானாகவே சொல்லப் பழகியிருந்தாள். கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுவோமா என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். வயசுக்கு ஏற்ற பார்வை இருக்கிறது என்று சொல்லி அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். பிறகு அந்தக் கதையை இருவரும் எடுக்கவில்லை.

நோர்மனுக்கு எழுபத்திரண்டு வயது. மின்சார சபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ஷெரோன் லண்டனில் இருந்தாள். அளவெட்டியில் அவர்கள் இருந்த ஒழுங்கையில் யாருக்கு நெஞ்சு நொந்தாலும், யாருக்குப் பிள்ளை பிறக்கும் நேரம் வந்தாலும் முதலில் தட்டுவது அவருடைய கேற்றைத்தான். அவரும் சேர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கொஞ்ச நாளாகத் தேவகுமாரியும் கூடவே ஏறிக்கொள்வாள். நோயாளிக்குத் துணையாக அன்ரியும் வருகிறா என்று சனம் நினைத்தது.

வைகாசி மாதம் காப்புறுதி புதுப்பிக்க இரண்டு கிழமை இருக்கும்போது முகவர் வசந்தினி ஸ்கூட்டியில் வந்தாள். கையில் ஒரு புதுப் படிவம்.

"அங்கிள், உங்களுக்கெண்டே கொண்டந்தனான். அறுபது வயசு தாண்டின ஆக்களுக்குக் கொம்பனி புதுசாக் காப்புறுதிக் காசிலை ஒரு கழிவு குடுக்குது. அஞ்சு வருஷம் ஒரு கிளெய்மும் எடுக்காமல் இருந்திருக்கவேணும். நீங்கள் எத்தினை வருஷம்?"

"நான் லைசன்ஸ் எடுத்ததிலை இருந்து இண்டைக்கு வரை ஒரு கீறல் இல்லை, பிள்ளை."

"அதுதானே! இந்தப் பக்கத்திலை முதல் ஆளா உங்கடை பேரைத்தான் குடுக்கப்போறன்."

நோர்மனின் முகம் மலர்ந்ததைத் தேவகுமாரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்கும்போது கண்டாள். காசு அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. ஓய்வு பெற்றபின் அவரை யாரும் எதற்கும் பாராட்டவில்லை. இப்போது ஒரு கொம்பனி அவரைத் திறமான ஓட்டுநர் என்று எழுதித் தரப்போகிறது.

வசந்தினி கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பதில்களை நிரப்பினாள். ஏழாம் கேள்வி, பார்வையில் ஏதும் குறைபாடு உண்டா என்பது. "இல்லை" என்றார் நோர்மன். சொன்ன வேகத்தில் வசந்தினியும் எழுதிவிட்டாள். கடைசியில் இன்னொரு இடம் இருந்தது. வாகனத்தில் வழமையாகக் கூடப் போகிற குடும்பத்தவர் ஒருவர், மேலே சொன்னவை உண்மை என்று கையெழுத்து வைக்கவேண்டும்.

"அன்ரி, இதிலை ஒருக்கா."

"என்ரை கண்ணாடியைக் காணேல்லை, பிள்ளை. வைச்சிட்டுப் போம். பிறகு பாத்துப் போடுறன்."

கண்ணாடி அவளுடைய கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வசந்தினி அதைப் பார்த்துவிட்டுப் படிவத்தை மேசையில் வைத்தாள்.

மூன்று நாள் படிவம் மேசையில் கிடந்தது. சனிக்கிழமை பின்னேரம் நோர்மன் பேனையை எடுத்துவந்து அதற்கு மேலே வைத்தார்.

"கையெழுத்துப் போடாட்டில் என்ன அர்த்தம்? நான் பொய்யன் எண்டோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப?"

"பக்கத்திலை இருந்து நான் சொல்லாட்டில் உங்களாலை ஓடேலாது. அது உங்களுக்கும் தெரியும். இதிலை இல்லையெண்டு எழுதிக் குடுத்திட்டு, நாளைக்கு ஒண்டு நடந்தால்?"

ஒன்றரை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது சட்டென்று வெளியே வந்துவிட்டது. நோர்மனின் காது சிவந்தது.

"உம்மடை அலட்டல் இல்லாட்டில் நான் இன்னும் திறமா ஓடுவன். மண்டை வெடிக்கிற மாதிரிக் கத்திக்கொண்டு வாறது. ஒரு நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்து பாரும்!"

அவள் எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள். சாவீட்டுக்கும் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும், கழுத்து நோக நோக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தபடி அவரோடு போய்வந்திருக்கிறாள். அதற்குப் பெயர் அலட்டல். சரி, மூடிக்கொண்டே இருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. தெல்லிப்பழையில் ஆராதனைக்குப் போகக் காரில் ஏறியவள், வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள். வாய் திறக்கவில்லை. தெருவில் வாகனம் குறைவு. நோர்மனும் பேசவில்லை, ஆனால் மெதுவாகத்தான் ஓட்டினார். முதல் திருப்பம் சுகமாகப் போனது. இரண்டாவதும் போனது. அவளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அம்பனைக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கம் ஒரு ஒழுங்கை வந்து ஏறுகிறது. மூலையில் கிளுவை வேலி அடர்த்தியாக நின்றது. வேலிக்கு வெளியே ஒரு சைக்கிளின் முன்சில்லு நீட்டிக்கொண்டு வந்ததைத் தேவகுமாரி தூரத்திலேயே கண்டுவிட்டாள். சொல் தொண்டைவரை வந்தது. இப்ப அவருக்குத் தெரியும், அவரே பார்த்துப் பிறேக் போடட்டும் என்று நினைத்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடிய அளவு நேரம்தான். கார் வேகம் குறையவில்லை. "ஐயோ, அப்பா!" என்று அவள் கத்தியபோது சைக்கிள் காரின் மூலையில் அடிபட்டு, அதிலிருந்த பெண் தெருவோரக் கல்லில் போய் விழுந்தாள்.

அவள் பெயர் குணலட்சுமி. ஐம்பது வயது இருக்கும், வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள், கடைக்குப் போக வெளிக்கிட்டிருக்கிறாள். வலது கை மணிக்கட்டில் மடங்கிக் கிடந்தது. நோர்மன் இறங்கிவந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். எழும்ப முடியாமல் அப்படியே தெருவில் இருந்துவிட்டார். அயலவர்கள் ஓட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொலிஸ் வந்து எழுதியது. இரண்டு இடத்தில் எலும்பு உடைந்திருக்கிறது என்று மத்தியானம் தெரிந்தது. கட்டிலில் கிடந்தபடி குணலட்சுமி பொலிசிடம், "நானும் ஒழுங்கையாலை கெதியா வந்திட்டன்" என்று சொன்னாள். தேவகுமாரி கட்டிலின் கால்மாட்டில் நின்று அதைக் கேட்டாள். அந்தப் பெண் கெதியாக வரவில்லை. சைக்கிளை உருட்டுவது போலத்தான் வந்தாள்.

அடுத்தநாள் காலை வசந்தினி ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், அவ உங்களிலை பிழை சொல்லேல்லையாம். ஆஸ்பத்திரிச் செலவை நீங்களே பாத்து, கிளெய்ம் எடுக்காமல் விட்டால் உங்கடை கழிவு அப்பிடியே இருக்கும். கனபேர் அப்பிடித்தான் செய்யினம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

நோர்மன் மேசையைப் பார்த்தார். படிவம் அதே இடத்தில், பேனை அதற்கு மேலே.

"அவவே சொல்லுறாதானே, தான் கெதியா வந்தனான் எண்டு" என்றார்.

"அவ கெதியா வரேல்லை" என்றாள் தேவகுமாரி. "நான் கண்டனான். தூரத்திலையே கண்டனான். உங்களுக்கு விளங்கட்டும் எண்டு வேணுமெண்டே சொல்லாமல் இருந்தனான்."

வசந்தினி தன் பையின் வாரைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தாள். நோர்மன் பேசியபோது குரலில் கோபம் இருக்கவில்லை, அதுதான் தேவகுமாரிக்குத் தாங்கமுடியாமல் போனது.

"உம்மடை சத்தம் வரேல்லை. அப்ப தெருவிலை ஒண்டும் இல்லை எண்டு நினைச்சன்."

"நீங்கள்தானே வாயை மூடச் சொன்னியள்."

"கோவத்திலை சொன்னது. நீர் மெய்யா மூடுவீர் எண்டு நான் நினைக்கேல்லை."

பிறகு அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஏழாம் கேள்விக்கு நேரே இருந்த 'இல்லை'யை வெட்டிவிட்டு 'ஓம்' என்று எழுதினார். இப்பிடி எழுதினால் கழிவு கிடையாது, கொம்பனிக்கு இனி இது தேவையில்லை, அங்கிள், என்று வசந்தினி சொல்லிப் பார்த்தாள். "பரவாயில்லை, கொண்டுபோ. கிளெய்ம் கடுதாசியையும் தா" என்றார்.

அந்தக் கிழமையே கண் கிளினிக்குக்குப் போனார்கள், பஸ்ஸில். இடக் கண்ணில் பார்வை முக்கால்வாசி போய்விட்டதாகவும், கண் அழுத்தம் கனகாலமாகவே இருந்திருக்கவேண்டும் என்றும் டொக்டர் சொன்னார். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டுமருந்து. ஒன்றரை வருடத்துக்கு முன் வந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று தேவகுமாரி கேட்கவில்லை. நோர்மனும் கேட்கவில்லை.

காரை அவர் பிறகு தொடவில்லை. வாங்க ஆள் வந்தபோது கார்த் திறப்பைத் தேவகுமாரியிடம் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கம் போய் நின்றார். இரவில் யாரோ கேற்றைத் தட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கேட்டபோது, கார் இல்லை என்று உள்ளே இருந்தே சொல்லி அனுப்பினார். அவளோடு கதைக்காமல் இல்லை. சாப்பாடு கேட்பார், மருந்து விடும்போது தலையை அண்ணாந்து காட்டுவார். சிரிக்கிற கதை மட்டும் நின்றுபோனது.

காப்புறுதிக் காசு குணலட்சுமிக்கு வர இரண்டு மாதம் எடுத்தது. வந்துவிட்டது என்று வசந்தினி சொன்ன அன்றைக்குத் தேவகுமாரி தனியே அவளுடைய வீட்டுக்குப் போனாள். கைக்கட்டைக் கழற்றியிருந்தார்கள், ஆனால் விரல்கள் இன்னும் மடங்கவில்லை. தையல் மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் வெட்டித் தைக்காத சட்டைத் துணிகள்.

கதிரையில் இருக்கச் சொல்லியும் இராமல், நின்றபடியே தேவகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். தான் சைக்கிளைக் கண்டதையும், வாயைத் திறக்காமல் இருந்ததையும், ஏன் என்பதையும்.

குணலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ஏன் அம்மா இதை எனக்குச் சொல்லுறியள்? கண் தெரியாத மனுசன், தெரியாமல் நடந்தது எண்டு நினைச்சு மனசை ஆத்தியிருந்தனான். என்ரை பிழையும் இருக்கு எண்டுகூடச் சொன்னனான். இப்ப நான் என்ன செய்யிறது?"

"மன்னிக்கச் சொல்லிக் கேக்கேல்லை, தங்கச்சி."

"கேட்டாலும் இண்டைக்கு என்னட்டை இல்லை."

தேவகுமாரி தலையை ஆட்டினாள். போகத் திரும்பினாள். வாசலுக்குப் போனதும் பின்னால் சத்தம் வந்தது.

"நில்லுங்கோ. மீன்காரன் சூடை மீன் தந்திட்டுப் போட்டான். இந்தக் கையாலை வெட்டேலாது. பழுதாப் போகப்போகுது. வெட்டிப்போட்டுப் போங்கோ."

குசினிக்குப் பின்னால் பலகையும் கத்தியும் சட்டியும் இருந்தன. தேவகுமாரி சீலையை ஒதுக்கிக்கொண்டு குந்தினாள். அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், எல்லாம் விரல் அளவு மீன். அவள் ஒவ்வொன்றாய்த் தலையைக் கிள்ளி, குடலை எடுத்துச் சட்டியில் போட்டாள். குணலட்சுமி வாசற்படியில் இருந்து, மடங்காத விரல்களை மற்றக் கையால் உருவிக்கொண்டு, அவள் வெட்டுவதைப் பார்த்தபடி இருந்தாள். தண்ணீர் முடிந்தபோது குணலட்சுமி எழும்பி, இடக் கையால் வாளியைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தாள்.