தாய்க்கொத்து

முதலில் நத்தைகள் செத்தன. தொட்டிக் கண்ணாடியை மேய்ந்துகொண்டு திரிகிற சின்னக் கறுப்பு நத்தைகள். ஒரு காலையில் பார்த்தால் எல்லாம் அடியில் கவிழ்ந்து கிடந்தன. நத்தைதானே, வயது போயிருக்கும் என்று அள்ளி எறிந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பிறகு இறால்கள். அதற்குப் பிறகுதான் தாய்க்கொத்து சுருங்கத் தொடங்கியது.

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் முழுக்க மகன் றொசானின் கடல். வீடுகளில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உயிருள்ள பவளம் வளர்த்து விற்றான். பவளம் என்று அவன் சொன்னபோது நான் மோதிரத்துக் கல்லைத்தான் நினைத்தேன். பிறகு பார்த்தால் நம்முடைய முருகைக்கல். எங்கள் ஊர் பேசாலையில் அதைச் சுட்டால் சுண்ணாம்பு, காலில் குத்தினால் சீழ், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. அதை நான் சிரித்துக்கொண்டு சொல்லப்போக, பிள்ளை கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அவனுடைய வியாபாரத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. தான் வளர்த்ததை மட்டுமே வெட்டி விற்பான். கடலில் இருந்து பிடுங்கி வந்ததைக் கையாலும் தொடமாட்டான். நகமளவில் வாங்கிய ஒரு கிளை, வருடக்கணக்கில் பிரிந்து பிரிந்து, ஒரு சோற்றுச் சட்டியளவு பச்சைக் கொத்தாகியிருந்தது. அதிலிருந்துதான் எல்லாக் கிளையும் வெட்டுவான். தாய் என்றே அதைச் சொல்வான். வெளிச்சம் போட்டதும் அதன் விரல்கள் எல்லாம் நீண்டு, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் ஆடும்.

போன இலையுதிர் காலத்தில் அவனை இரத்தப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே உப்பு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று போனில் எனக்குச் சொல்லித் தந்தான். தன்னுடைய உயிரைப் பற்றி அவன் இவ்வளவு விசாரித்ததில்லை. அவன் போன பிறகு நான் தொட்டியைப் பார்த்தேன், மனைவி அக்னெஸ் தாய்க்கொத்தைப் பார்த்தாள். காலையில் தேநீர்க் கோப்பையோடு இறங்கி வந்து, அதன் முன்னால் குந்தியிருந்து மெல்லமாக ஏதேதோ சொல்வாள். நான் படியில் நின்றுவிட்டு சத்தமில்லாமல் திரும்பிப் போவேன். எனக்கும் பொறாமைதான், எனக்கு அப்படிக் கதைக்க வராது.

நத்தைகள் சாகிறபோது அவள் வீட்டில் இல்லை. மகள் சஜிதாவின் பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோ போயிருந்தாள். பின்னேரங்களில் போன் எடுத்தால், நான் சாப்பிட்டேனா என்று கேட்க முதல், தாய் எப்படி என்றுதான் கேட்பாள். நன்றாக இருக்கிறது என்றேன். கொத்தின் பாதி வெள்ளை எலும்பாகிவிட்ட நாளிலும் நன்றாக இருக்கிறது என்றேன். பேரப்பிள்ளை அழுகிற சத்தத்துக்குள் வேறென்ன சொல்வது?

தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு, மீன்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். அங்கே நின்ற தாடிக்காரன் சொட்டுமருந்து விட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். செம்பு என்றான். செம்பு இந்த உயிர்களுக்குப் பச்சை நஞ்சாம்; தொட்டிக்குள் காசோ கம்பியோ விழுந்திருக்கிறதா, தேடிப் பார் என்றான். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். உள்ளே கூட்டிப்போய் ஒரு கொத்தைக் காட்டினான். அதே பச்சை, அதே சட்டியளவு. கடலில் இருந்து போன கிழமைதான் வந்ததாம். சனிக்கிழமை வருகிறேன், வைத்திருங்கள் என்றேன். சனிக்கிழமை பின்னேரம்தான் அக்னெஸ் வருவதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீர் கீழே இறங்கிச் சுற்றிப்போகிற பம்புப் பெட்டியைக் கிளறினேன். பம்பின் பின்பக்கம், நூலில் கட்டியபடி, மடுமாதா பதக்கம் கிடந்தது.

மடுக்கோயில் ஆவணித் திருநாளில் வாங்கி யாரோ கொண்டுவந்து தந்த பித்தளைப் பதக்கம். பித்தளையில் பெரும்பங்கு செம்புதான். ஆஸ்பத்திரியில் றொசானின் கழுத்தில் கிடந்தது. சவப்பெட்டியை மூட முதல் அக்னெஸ்தான் அதைக் கழற்றி எடுத்தவள். ரொறன்ரோவுக்குப் பஸ் ஏறுகிற அன்று காலை அவள் நெடுநேரம் கீழே நின்றது நினைவு வந்தது. தான் இல்லாத நேரம் இதையாவது மாதா பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறாள். உப்புநீரில் ஊறி, பதக்கம் முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. மாதாவின் முகம் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யாரோடு என்று தெரியாத கோபம். பிள்ளையையும் காப்பாற்றவில்லை, பிள்ளை விட்டுப்போனதையும் விடவில்லை. பதக்கத்தைக் குப்பையில் போடக் கை நீண்டது. பிறகு துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இதை அவள் அறியக்கூடாது. எனக்கு இருந்தது அந்த ஒரு நினைப்புத்தான். பிள்ளை போனதை ஒருமாதிரித் தாங்கிக்கொண்டாள். தன் கையாலேயே இதைக் கொன்றதைத் தாங்கமாட்டாள்.

அந்தச் சனிக்கிழமை தன் சிநேகிதிக்கு ஒரு கிளை வாங்க வருவதாக இருந்தவள் கஜந்தினி, றொசானின் பழைய வாடிக்கைக்காரி. நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிறாள், ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. வரவேண்டாம், எல்லாம் செத்துப்போயிற்று என்று சொல்லத்தான் அவளுக்குப் போன் எடுத்தேன். அவள் விடவில்லை.

"அங்கிள், றொசான் எனக்கு முதல் கிளை தரேக்க ஒண்டு சொன்னவர். உங்கட செத்தா நான் தருவன், என்ர செத்தா நீங்கள் தரவேணும் எண்டு. எனக்கு ரெண்டு தரம் செத்து, ரெண்டு தரமும் தந்தவர். வாங்கோ."

அவள் தரப்போவது விரல்நுனி அளவு. கடைக்காரனிடம் இருந்தது சட்டியளவு. நான் சனிக்கிழமை முதலில் கடைக்குத்தான் போனேன்.

அவன் கொத்தைத் தண்ணீரோடு பையில் கட்டித் தந்தான். நான் அடியைப் பார்க்காமல் இருந்திருந்தால் வாங்கித்தான் இருப்பேன். றொசான் பழக்கிய பழக்கம், கை தானாகப் பையைத் தூக்கியது. "அப்பா, அடியைப் பாருங்கோ. வளத்தது எண்டா வாளால அறுத்த மாதிரி இருக்கும். பிடுங்கினது எண்டா உடைஞ்சிருக்கும்," என்பான். உடைந்துதான் இருந்தது. கூடவே பாறையின் ஒரு துண்டும் பிய்ந்து வந்திருந்தது. அதில் ஒட்டியிருந்த ஒரு சின்னப் புழு, குழாய்க்குள்ளிருந்து தலையை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தது. வீட்டோடு பெயர்த்துக் கொண்டுவந்தது அதற்குத் தெரியாது.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அங்கேயே நின்றேன், எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். அக்னெஸ் அடியைப் பார்க்கிறவள் இல்லை. பார்க்கத் தெரிந்தவன் கல்லறையில். ஆனால் அவன் ஒருநாளும் தொடாத ஒன்றை, அவன் செத்த பிறகு, அவனுடைய பேஸ்மென்டில், அவனுடைய வெளிச்சத்தின் கீழே கொண்டுபோய் வைத்து, இதுதான் உம்முடைய பிள்ளை வளர்த்தது என்று அவனுடைய தாய்க்குக் காட்ட வேண்டும். என்னால் ஏலவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

கஜந்தினியின் அபார்ட்மென்டில் ஜன்னலோரம் ஒரு சின்னத் தொட்டி. றொசான் தந்த கிளை அங்கே ஒரு கைப்பிடிக் கொத்தாகியிருந்தது. அதே ஆட்டம். அவள் கையுறை போட்டுக்கொண்டு, பல்லு வைத்த சின்ன வாளால் ஒரு கிளையை அறுத்தாள்.

"நோகுமோ பிள்ளை?" என்றேன்.

"நோகாது எண்டுதான் றொசான் சொல்லுறவர்," என்றாள். "எனக்கு எண்டால் நம்பிக்கை இல்லை." சொல்லிவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

செம்பு ஊறிய தொட்டியில் இனி எதுவும் வாழாது என்று, தன் தொட்டித் தண்ணீரில் ஒரு வாளியும் ஒரு கல்லும் அவளே தந்தாள். றொசான் தொடக்கத்தில் வாங்கிய சிறிய தொட்டி வீட்டில் சும்மா கிடந்தது. அதைக் கழுவி, நிரப்பி, கிளையை வைத்து வெளிச்சத்தைப் போட்டேன். அது இறுகிப்போய், ஒரு பட்டாணி மாதிரி இருந்தது. பெரிய தொட்டியின் வெளிச்சத்தை அணைத்துவிட்டேன்.

அக்னெஸ் வந்தவள் பையை வாசலில் வைத்தபடி, கோட்டோடு கீழே இறங்கினாள். இருண்ட தொட்டியைப் பார்த்தாள். சின்னத் தொட்டியைப் பார்த்தாள். நான் காரில் வரும்போது கட்டி வைத்திருந்த வசனங்களில் ஒன்றுதான் வந்தது. "பம்ப் நிண்டுட்டுது."

அவள் குனிந்து, பம்பின் பின்னால் கையை விட்டுத் தடவினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இஞ்சருங்கோ, பதக்கத்தை எடுத்தனீங்களே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. பதக்கத்தை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நான் துடைத்தது போதாது. ஓரங்களில் பச்சை இன்னும் இருந்தது. பித்தளைச் சட்டியில் புளிக்கறி வைக்காதே, நஞ்சாகும் என்று மகளுக்குச் சொல்லி வளர்த்தவள் அவள். கோயில் விளக்குத்தண்டுகளை எத்தனை பெருநாளுக்குப் புளி போட்டு மினுக்கியவள்.

"களிம்பு," என்றாள்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது. படியில் இருந்துவிட்டாள். அழவில்லை, பதக்கத்தைக் கோட்டு நுனியால் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். கடைக்காரனைச் சொன்னேன், வாங்காமல் வந்ததைச் சொன்னேன், கஜந்தினி வெட்டித் தந்ததைச் சொன்னேன். றொசான் கொடுத்ததுதான் திரும்பி வந்திருக்கிறது என்றேன்.

அதைக் கேட்டதும் எழுந்து சின்னத் தொட்டிக்குக் கிட்டப் போனாள். எதையும் தொட்டுத் தடவிப் பார்க்கிறவள். பிள்ளைகளின் நெற்றி, பாண், வாங்கப்போகிற துணி, அந்தப் பெரிய தொட்டியின் கண்ணாடி. பதக்கத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பட்டாணிக்குள்ளிருந்து ஒரு பச்சை விரல், பயந்து பயந்து, வெளியே நீண்டது. அவள் மூச்சுக் கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால், ஒன்றையொன்று விடாமல் பிடித்திருந்தாள்.