காட்டுங்க, காவ்ரில் அண்ணே

யாஷ் நகரில் ஓர் எலும்பு வார்டில் தரை துடைப்பது என் வேலை. அன்று காலை வாளியைக் கதவோரம் ஒதுக்கிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். இயன்முறை மருத்துவம் படிக்கும் சொரானாவுக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. ஒருமுறை தோற்றவள். இதிலும் தோற்றால் ஒரு வருடம் போய்விடும்.

இடுப்பு மூட்டு மாற்றிய நோயாளிக்கு, வீட்டில் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று விளங்க வைக்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. போன தடவை அதைத்தான் கேட்டாள். கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

நோயாளி காவ்ரில், கிராமத்துத் தேவாலயத்தில் பாடுகிறவர். மதியம் வீட்டுக்குப் போகிறார்.

"எதெல்லாம் கூடாது? உங்க வார்த்தையில சொல்லுங்க அண்ணே."

"தாழ்வான நாற்காலி கூடாது. கால் மேல கால் கூடாது. ரொம்பக் குனியக் கூடாது. மீறினா மூட்டு கழண்டுக்கும், மறுபடி உன் மூஞ்சியப் பாக்கணும்."

தேர்வு நடத்திய பேராசிரியை வோய்கித்சா சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். "போதும்."

சொரானாவின் பார்வை மேசை மேல் கிடந்த கறுப்பு ஜெபமாலையில் நின்றது. எங்கள் சபை வழக்கப்படி தவக்காலம் அந்தத் திங்களன்றுதான் தொடங்கியிருந்தது.

"இன்னும் ஒரே கேள்வி, மேடம்."

"கேளு. ஆனா இனிமே என்ன நடந்தாலும் அதுக்கும் மார்க் உண்டு."

அவள் காவ்ரில் பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க, அண்ணே?"

"ஜெபம்."

"எப்படி? காட்டுங்க."

காவ்ரில் எழுந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். ஊன்றுகோல்களைக் கட்டிலில் சாய்த்தார். முழங்கால்கள் மடங்கின; நெற்றி தரையை நோக்கி இறங்கத் தொடங்கியது. நான் துடைத்த தரை இன்னும் காயவில்லை.

சொரானா பாய்ந்து அவர் அக்குளில் கை கொடுத்தாள். மறுபக்கம் நான் பிடித்தேன். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை.

"விடுங்க பிள்ளைங்களா!"

"குனியக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது சாக்ஸ் போட. கடவுள் முன்னாடி குனியறதும் அதுல சேருமா?"

"மூட்டுக்கு வித்தியாசம் தெரியாது, அண்ணே." அவள் பிடியை விடவில்லை. "எத்தனை தடவை குனிவீங்க?"

"தவக்காலத்துல தினம் பன்னிரண்டு."

பேனா மூடும் சத்தம் கேட்டது. சொரானா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கழண்டா ஈஸ்டருக்கு நின்னு பாட முடியாது. அப்ப எப்படி ஜெபம் பண்ணுவீங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சீக்காளிக்கு விலக்கு உண்டுன்னு பாதர் சொன்னாரு. ஆஸ்பத்திரியில இருக்கற வரைக்கும்தான்னு நெனச்சேன்" என்றார். ஊன்றுகோல்களை வாங்கி நிமிர்ந்து நின்றார். ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தலையை மட்டும் தாழ்த்தினார்.

"இன்னொரு தடவை," என்றார் பேராசிரியை.

காவ்ரில் மறுபடி செய்தார். பேனா மீண்டும் திறந்தது.

"ஈரத் தரையில நோயாளிய நிக்க வெச்சதுக்கு ரெண்டு மார்க் கட்," என்றபடி கையெழுத்துப் போட்டார். "பாஸ்."

நான் உலர்ந்த துணி எடுக்க ஓடினேன்.