மோவாயை உள்ளே இழு

காலர் அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். சட்டைக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காலர் மட்டுமே தைக்கிறவள் என்பதால் அந்தப் பெயர். ஒரு நாளைக்கு நானூறு. ஊரான் கழுத்துக்கெல்லாம் விறைப்பாகக் காலர் தைத்துக் கொடுத்தவளுக்குத் தன் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்று வருஷ வலி. சாலையைக் கடக்கும்போது வண்டி வருகிறதா என்று பார்க்க உடம்போடு திரும்புவாள். "அலமாரிய நகத்துற மாதிரி திரும்புறியே" என்று புருஷன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள் தட்டு பறந்தது.

ஆறு வாரத்துக்கு முன் பிசியோதெரபிக்குப் போனாள். முதல் வாரம் சொர்க்கம். பிடரியில் சூடான பையை வைத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், இதமாக அமுக்கிவிட்டார்கள். படியிறங்கும்போது வலியே இல்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் அதுவும் கூடவே வந்து சேர்ந்தது. இரண்டாம் வாரம் பிசியோ பெண் சூட்டுப் பையை ஓரமாக வைத்துவிட்டு, "இனிமே நீங்கதான் செய்யணும்க்கா" என்றாள்.

"நான் செய்யுறதுக்கு நீ எதுக்கும்மா?"

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "சூடும் கரண்டும் வலியக் கொஞ்ச நேரம் அடக்கும், அவ்வளவுதான். நீங்க குனிஞ்சே தைக்கிறீங்கல்ல, முன்கழுத்துல உள்ள இருக்குற தசை சோம்பிக் கிடக்கு. மொத்தத் தலையையும் பிடரிதான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. சோம்பேறிய எழுப்பி வேலை குடுத்தா, பிடரிக்குக் கொஞ்சம் ஓய்வு."

"எங்க வீட்டுலயும் அதே கதைதான்" என்றாள் காலர் அக்கா.

பயிற்சி பார்க்க ஒன்றுமேயில்லை. நேராகப் பார்த்தபடி மோவாயைப் பின்னுக்கு இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்திருந்து விடவேண்டும். தோள்பட்டைகளைப் பின்னால் நெருக்கவேண்டும். வீட்டில் ரப்பர் பட்டை வைத்து இழுக்கவேண்டும். மோவாய் வேலையை மட்டும் மிஷினில் இருக்கும்போதும் அரை மணிக்கொரு தரம் செய்யவேண்டும். முதல் பத்து நாள் வலி கூடியதுபோல் இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே செய்தாள். ஐந்தாம் வாரம், ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நடுரோட்டில் நின்று கண் கலங்கினாள். ஹாரன் அடித்தவன் கண்டபடி ஏசிவிட்டுப் போனான்.

ஒரே ஒரு தொல்லை. மோவாயை அப்படி இழுக்கும்போது முகம், எதிரே நாற்றமடித்தால் போகிற மாதிரி போகும். அவள் மிஷினுக்கு நேர் எதிரே சூப்பர்வைசரின் மேசை. நாலு வாரமாக, அரை மணிக்கொரு தரம், அந்த முகத்தை அவன் பார்த்திருக்கிறான்.

அன்று மதியம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து தையலின் மேலேயே வைத்தான். 'இனிமேல் வேலை நேரத்தில் சூப்பர்வைசரைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டேன்.'

"கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராத."

"அய்யோ சார், அது பயிற்சி சார். கழுத்துக்கு." காட்டுவதற்காகப் பிடரியைத் தொட்டாள்.

"கழுத்துலேருந்து கைய எடு. வேலை நேரம். நானும் பதினாலு வருஷம் இதே மிஷின்ல குனிஞ்சவன்தான். எனக்கு வராத வலி உனக்கு மட்டும் வந்துருச்சோ?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டால் கழுத்து போச்சு. போடாவிட்டால் வேலை போச்சு. விருட்டென்று எழுந்தாள்.

"உக்காருங்க சார். அரை மணி நேரம், என் கட்டுல இருக்குற காலரத் தைங்க. எந்திரிக்கும்போது உங்க கை கழுத்துக்குப் போகலைன்னா, நான் கையெழுத்துப் போடுறேன்."

பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாற்பது பேர் பார்க்கிறார்கள், அவன் எப்படி மாட்டேன் என்பான்? சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பாவி, நன்றாகத்தான் தைத்தான். முனை ஒவ்வொன்றும் கூராக வந்து விழுந்தது. வாய்க்கொழுப்பால் வேலையைத் தொலைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அரை மணி முடிந்தது. கடைசிக் காலரைத் தட்டி வைத்துவிட்டு எழுந்தான். "பாத்தியா..." என்று வாயெடுத்தான். கை தானாகப் பிடரிக்குப் போய் அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.

"கைய எடுங்க சார்" என்றாள் காலர் அக்கா. "வேலை நேரம்."

அவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனான். அவள் உட்கார்ந்தாள். மிஷினை மிதிப்பதற்கு முன் அவனை நேருக்கு நேர் பார்த்து, மோவாயை உள்ளே இழுத்துக்கொண்டு, பல்லிடுக்கில் ஐந்துவரை எண்ணினாள், சத்தமாக.