கூரை மடங்கும் வண்டி

கார் வாங்குவது என்று முடிவானதும் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கார் விஷயம் தெரிந்த ஆளிடம் யோசனை கேட்டாள். அவள் போதாத காலம், அந்த ஆள் அவளுடைய கணவராக இருந்தார்.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர். விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பட்டறைகளில் அவருக்குச் ‘சேதாரம்’ என்று பெயர். “சேதாரம் வர்றாரு, ஒண்ணையும் மறைக்காதீங்கப்பா” என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. இருபத்தாறு வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் கார்களைப் பார்த்திருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கார் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில், சுவருக்குள் ஈயத் தகடு வைத்த, ஜன்னல் இல்லாத அறை. காலையில் உள்ளே போய்விட்டால், வெளியே மழையா வெயிலா என்பது வருகிறவர்களின் குடையைப் பார்த்தால்தான் தெரியும். மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு ஒரு நாள், “இனிமே எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கப் போறேன்” என்றாள். வாட்ச்சாக இருக்கும் என்று அவர் நினைத்தார். ஸ்போர்ட்ஸ் கார் என்றாள். அவள் தம்பிக்கு விஷயம் தெரிந்ததும், “ரெண்டே சீட்டா? அப்போ என்னைக் கழட்டி விட்டாச்சு, அப்படித்தானே மாமா?” என்று போனிலேயே சிரித்தான்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்கும் கடை ஒன்றில் ஒரே மாடலில் இரண்டு நின்றன. சிவப்பு வண்டி கூப்பே. இரும்புக் கூரை, இறுக்கமாக மூடியது. நீல வண்டி கன்வெர்டிபிள். அதற்குத் துணிக் கூரை. பொத்தானை அழுத்தினால் மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். எஞ்சின் ஒன்று, வயது ஒன்று, இரண்டிலும் இரண்டே இருக்கை. மேலே கூரை வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

அவள் நீலத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். கூரை விலக விலக, கடையின் பெரிய கண்ணாடி வழியாக வந்த வெயில் அவள் மடியில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், “இதுதாங்க” என்றாள்.

சேதாரம் அப்போது சிவப்பு வண்டியின் கதவை விரல் முட்டியால் தட்டி, எங்காவது பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இது சுத்தமா இருக்கு. இதை எடு” என்றார்.

“எனக்கு அது பிடிச்சிருக்கு.”

“கூரை இல்லாத வண்டின்னா நான் ஏற மாட்டேன்.”

இரண்டே இருக்கை உள்ள வண்டியைப் பற்றி இப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். அதை அக்கறை என்று மனதார நம்பினார். மிரட்டல் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். “யோசிச்சுச் சொல்றோம்” என்று விற்பனைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு விதி உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விபத்தையும் கழற்றிவிட வேண்டும். கல்யாணமான புதிதில், சாப்பிட உட்கார்ந்தால் இவர் நசுங்கிய இரும்பைப் பற்றிப் பேசுவார், அவள் உடைந்த எலும்பைப் பற்றிப் பேசுவாள், இருவரும் சோறு இறங்காமல் எழுந்து போவார்கள். அதனால் போட்ட விதி. இருபத்து மூன்று வருடமாக இருவரும் அதை மீறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேதாரம் மீறினார். ஆபீஸிலிருந்து கொண்டுவந்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். வாயால் சொன்னால் கேட்காதவள் கண்ணால் பார்த்தால் கேட்பாள் என்பது அவர் கணக்கு.

முதல் படத்தில் கூரையில்லாத கார் ஒன்று தலைகுப்புறக் கிடந்தது. “பாரு. மேல ஒண்ணுமே இல்ல. இதுல இருந்தவங்க கதி என்ன ஆகியிருக்கும்?”

அவள் படத்தை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தடித்த காகிதத்தில் வெளிச்சம் எங்கே ஊடுருவும்? கைப்பழக்கம். அசட்டுச் சிரிப்போடு கீழே இறக்கி, “இது எப்போ?” என்றாள்.

“போன வருஷம். மேம்பாலத்து இறக்கத்துல, நல்ல மழை.”

“ஒரே பொண்ணு. காலேஜ்ல படிக்கிறவ. இடது காறை எலும்புல கீறல், அவ்வளவுதான். படம் எடுக்கிற வரைக்கும் ஒத்தச் செருப்பு எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.”

சேதாரத்துக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. அந்தக் காரைத் தேறாது என்று எழுதியவர் அவர்தான். அதில் இருந்தவரும் தேறவில்லை என்று அவராகவே வைத்துக்கொண்டிருந்தார். அவர் நிரப்பும் தாளில் பம்பருக்கு ஒரு கட்டம் உண்டு, விளக்குக்கு ஒரு கட்டம் உண்டு, ஆளுக்குக் கட்டம் இல்லை.

விடவில்லை. அடுத்த படத்தைத் தள்ளினார். “சரி, இதைப் பாரு. கூரை போட்ட வண்டி. மரத்துல மோதியும் கூரை எப்படி நிக்குது பாரு, ஒரு நெளிவு இல்ல.”

அவள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. மேசையில் இருந்தபடியே பார்த்தாள். “இந்த மஞ்சள் காரா. ஆம்புலன்ஸ்ல கூட வந்தவங்க சொன்னாங்க. வாத்தியார் ஒருத்தர். படுக்க வைக்கிறதுக்குள்ளயே போயிட்டாரு. அவர் சம்சாரம் வெளிய உட்கார்ந்துக்கிட்டு, படம் நல்லா வந்துச்சான்னு என்கிட்ட கேட்டாங்க.”

அதன் பிறகு அவர் வாதாடவில்லை, கேட்க ஆரம்பித்தார். மிச்சமிருந்த ஏழு படங்களையும் ஒவ்வொன்றாக அவள் பக்கம் நகர்த்தினார். மூன்று கார்களின் ஆட்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். கூரையில்லாத இன்னொரு காரில் வந்தவர் பிழைக்கவில்லை. கூரை போட்ட இரண்டில் வந்தவர்கள் நடந்தே வீட்டுக்குப் போனார்கள், மூன்றாவதில் வந்தவர் பிழைக்கவில்லை. கணக்கு எந்தப் பக்கமும் சாயவில்லை. சாயாவிட்டாலும் இருவரும் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடமாக ஒரே விபத்தின் இரண்டு பாதிகளை ஆளுக்கொன்றாகப் பார்த்துவிட்டு, ஒரே மேசையில் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள்.

“உன்னை இப்படி ஒரு படத்துல பார்த்துடக் கூடாது. அதான்” என்றார்.

“தெரியும்” என்றாள் அவள். படங்களை அடுக்கி அவர் பக்கம் தள்ளிவிட்டு, “சரி, சிவப்பே இருக்கட்டும். உங்களை விட்டுட்டு நான் மட்டும் எங்க போகப் போறேன்?” என்றாள்.

ஒற்றைக் காலில் நின்று சாதித்துவிட்டார். ஆனாலும் சப்பென்று இருந்தது.

சனிக்கிழமை கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் தாள்களை எடுத்துவர உள்ளே போன நேரத்தில் அவள் சிவப்பு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சேதாரம் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். இருக்கையைச் சரிசெய்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். குறையொன்றும் சொல்ல முடியாத முகம், சந்தோஷம்தான் இல்லை. காலையில் அவர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்போது, கீழ்த்தளத்துக்கு இறங்கும் லிஃப்ட்டுக்குள் நின்று கதவு மூடுவதைப் பார்ப்பாளே, அதே முகம். இவளுக்கு நான் இன்னொரு அறையை வாங்கிக் கொடுக்கிறேன் என்று அவருக்கு உறைத்தது.

தாள்களோடு வந்த பெண்ணிடம், “அந்த நீல வண்டி இருக்கா, போயிடுச்சா?” என்றார்.

“இருக்கு சார். நாளைக்கு ஒருத்தர் வந்து பார்க்கிறேன்னு சொல்லியிருக்காரு.”

“அவரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

பேச்சுக் காதில் விழுந்து கதவைத் திறந்தாள் அவள். “என்னங்க இது? ஏற மாட்டேன்னு சொன்னீங்களே.”

“ஏறுறேன். சாவியை வாங்கு.”

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கடையில் அனுமதித்தார்கள். பொத்தானை அவள் அழுத்தினாள். கூரை மடங்கிப் போய் வானம் வந்தது. பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார் சேதாரம். வண்டி தெருவில் இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது, பக்கத்தில் வந்த பஸ்ஸின் சக்கரம் அவர் தோள் உயரத்துக்கு நின்றது. இவர் கதவுப் பிடியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன. வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு சைக்கிள்காரரே இவர்களை முந்திப் போனார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். தலைமுடியெல்லாம் கலைந்து, முகம் பூராவும் வெயிலாக இருந்தாள்.

“எப்படி இருக்கு?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தார். வரவில்லை. “பயமா இருக்கு” என்றார்.

“எனக்கும்தாங்க” என்றாள் அவள்.

அவர் அவளையே பார்த்தார். விழுந்து அடிபட்டவர்களை அவருக்கு முன்னால், உடம்பில் சூடு இருக்கும்போதே தொட்டுத் தூக்கிப் படுக்க வைத்தவள் அவள். அவளுக்கும் பயம் இருக்கும் என்று இந்த மூன்று வாரத்தில் ஒருமுறைகூட அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

“அப்புறம் எதுக்கு இதைத்தான் வேணும்னு கேட்டே?”

“இத்தனை வருஷம் பயந்ததெல்லாம் போதாதா?” என்றாள்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் கியரைப் போட்டாள்.